பெல்லட் கிரில்லில் வான்கோழி நெஞ்சுக்கறி: தோலா, புகையா?

பெல்லட் என்னும் மரத்தூள் குச்சிகளை எரித்துப் புகையில் சமைக்கும் பெல்லட் கிரில்லில் வான்கோழி நெஞ்சுக்கறி சமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். ஒரு மணி நேரம் என்று சொன்னாலும் சரி, நாலு மணி நேரம் என்று சொன்னாலும் சரி, இரண்டுமே உண்மையான பதில்தான். அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, கறி தட்டுக்கு எப்படி வரப்போகிறது என்பது. சுடச்சுட, மேலே மொறுமொறுப்பான தோலோடு அறுத்து வைக்கப் போகிறீர்களா? இல்லை, நன்றாக ஆறவிட்டு, மெல்லிசாகச் சீவி, இரண்டு மூன்று நாள் சாண்ட்விச்சுக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்களா?

இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால் சூடு எவ்வளவு, எலும்போடு வாங்குவதா எலும்பில்லாமல் வாங்குவதா, உப்பை எப்படிப் போடுவது என்று மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். இதை முடிவு செய்யாமல் ஆரம்பித்தால், தோலும் சரியாக வராமல், புகை மணமும் முழுசாக ஏறாமல், நடுவில் எங்கோ நிற்கும் கறிதான் கிடைக்கும். என்னுடைய முதல் இரண்டு முயற்சிகள் அப்படித்தான் முடிந்தன. புகை மணம் அருமையாக இருந்தது. ஆனால் தோலைக் கடித்தால் ரப்பர் மாதிரி இழுத்தது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள்.

மெதுவாகச் சமைப்பதால் கிடைப்பது என்ன?

புகையில் சமைப்பது என்றாலே "குறைந்த சூடு, நிறைய நேரம்" என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பன்றியின் தோள்கறிக்கும் மாட்டின் மார்புக்கறிக்கும் அது முழுக்கப் பொருந்தும். அந்தத் தசைகள் நாள் முழுவதும் உழைக்கிறவை, அவற்றில் கொலாஜென் என்னும் இணைப்புத் திசு ஏராளம். அது உருகி ஜெலட்டினாக மாறப் பல மணி நேரம் வேண்டும். அதுவரை கறி கடினமாகவே இருக்கும், மாறிய பிறகுதான் பூவாய் உதிரும்.

வான்கோழியின் நெஞ்சுக்கறி அதற்கு நேர்மாறு. வளர்ப்பு வான்கோழி பறப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். காலில் நடந்தே வாழ்கிற பறவை அது. அதனால் காலின் தசை கறுத்து, கொழுப்பும் இணைப்புத் திசுவும் சேர்ந்து உறுதியாக இருக்கும். நெஞ்சின் தசை வெளுத்து, மெலிந்து, மென்மையாக இருக்கும். அதில் உருக்குவதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. பச்சையாக இருக்கும்போதே அது மென்மையான கறிதான். சூடு ஏற ஏறப் புரதம் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அந்த இழப்பு வேகமாகிறது. 80-ஐ எட்டினால் நார் நாராக, தண்ணீர் குடித்துக்கொண்டே விழுங்க வேண்டிய கறியாகிவிடும்.

ஆகவே, நெஞ்சுக்கறியை நாலு மணி நேரம் வைத்தால் மிருதுவாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நடக்காது. மெதுவான சூடு நமக்கு வேறு இரண்டு நன்மைகளைத் தருகிறது. ஒன்று, புகை மணம். இன்னொன்று, சீரான வேக்காடு. அதிக சூட்டில் மேல் விளிம்பு 80 டிகிரியைத் தொடும்போது நடுப்பகுதி 65-ல்தான் இருக்கும். குறைந்த சூட்டில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே பதமாக வெந்திருக்கும். அந்த இரண்டும் உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்கு நேரம் செலவழியுங்கள். அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு அரைமணியும் தோலைக் கெடுப்பதற்குத்தான் உதவும்.

கிரில்லின் பக்கத்திலிருந்து பார்த்தால்

பெல்லட் கிரில் 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கியது. வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பின் ஏற்பாடுதான் சமையலுக்கு வந்தது. பெட்டியில் இருக்கும் மரத்தூள் குச்சிகளை ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு பற்றவைப்புக் கம்பி தீ மூட்டும். மின்விசிறி காற்றை ஊதும். தீக்கு மேலே ஒரு தகடு, அதற்கு மேலே கொழுப்பு வடியும் தட்டு. ஆகவே தீ நேராகக் கறியைத் தொடாது. விசிறி தள்ளும் சூடான காற்றும் புகையும் சுற்றிச் சுற்றி வந்து வேகவைக்கும். புகை வரும் ஓவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் நம் முடிவைப் பாதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. சூட்டை ஏற்ற ஏற்றத் தீ நன்றாக எரிகிறது. நன்றாக எரிந்தால் புகை குறைகிறது. 107 டிகிரியில், அதாவது 225 ஃபாரன்ஹீட்டில், தீ அணைவதும் எழுவதுமாக இருக்கும். அப்போதுதான் நல்ல புகை வரும். 175-க்கு ஏற்றிவிட்டால் புகை கண்ணுக்கே தெரியாது. கரியும் மரக்கட்டையும் போடும் புகையடுப்போடு ஒப்பிட்டால் பெல்லட் கிரில்லின் புகை எப்போதுமே மென்மையானதுதான். மாட்டுக்கறிக்கு அது போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிறையப் பேர். வான்கோழிக்கு அந்த மென்மை ஒரு வரம் என்பேன். நெஞ்சுக்கறி புகையை எளிதில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அதிகமானாலும் கசக்கும்.

இன்னொன்று: புகை ஈரமான, குளிர்ந்த மேற்பரப்பில்தான் நன்றாக ஒட்டும். கறி ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கிரில்லுக்குப் போகும் முதல் ஒரு மணி நேரம்தான் புகைக்கு முக்கியமான நேரம். "கறியை ஒரு மணி நேரம் வெளியே வைத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்" என்ற அறிவுரை இங்கே வேண்டவே வேண்டாம். மூன்று கிலோ கறி ஒரு மணி நேரத்தில் உள்ளே சூடாகிவிடாது. புகை பிடிக்கும் நேரம்தான் வீணாகும்.

எந்தச் சூடு?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. பொதுவாக நாலு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கடைசிவரை 107 டிகிரி. எலும்போடு மூன்று கிலோ இருக்கும் முழு நெஞ்சுப் பகுதிக்கு மூன்றரை மணி முதல் நாலரை மணி நேரம் வரை ஆகும். எலும்பில்லாத ஒரு பக்கத் துண்டு, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்தால், இரண்டு இரண்டரை மணி நேரம். புகை மணம் இதில்தான் அதிகம். வேக்காடும் மிகச் சீராக இருக்கும். கொஞ்சம் கவனம் தப்பினாலும் பெரிய சேதமில்லை, ஏனென்றால் உள்சூடு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் தோல் போச்சு. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு உருகி வெளியேறவும், தோலின் ஈரம் காய்ந்து மொறுமொறுக்கவும் இந்தச் சூடு போதாது. நிறம் மட்டும் அழகான தேன் நிறத்தில் வரும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த வழியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல கிரில்களில் "ஸ்மோக்" என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. அதில் கிரில்லின் சூடு 80 டிகிரி அளவில்தான் நிற்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை, புகையடுப்பின் உள்ளே சூடு 107 முதல் 149 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்கிறது. கறி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். அதனால் அந்த அமைப்பை நெஞ்சுக்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். கிரில் 107-க்கு வந்த பிறகு கறியை உள்ளே வையுங்கள்.

இரண்டாவது வழி, கடைசிவரை 163 டிகிரி, அதாவது 325 ஃபாரன்ஹீட். அதே மூன்று கிலோவுக்கு ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டேகால் மணி நேரம். எலும்பில்லாத துண்டுக்கு ஒரு மணி நேரம், கூடப் போனால் ஒன்றேகால். தோல் நன்றாக வரும். புகை மணம் இலேசாக இருக்கும், ஆனால் இருக்கும். ஓவனில் வைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். குறை என்னவென்றால், கடைசிப் பதினைந்து நிமிடம் கிரில்லை விட்டு நகரக்கூடாது. உள்சூடு 65-லிருந்து 72-க்கு ஓடிவிடும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் 135 டிகிரி. நிறையப் பேர் பாதுகாப்பான நடுவழி என்று இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. புகை 107-ல் வருகிற அளவுக்கு வராது, தோலும் 163-ல் வருகிற அளவுக்கு வராது. தோலை முன்பே உரித்துவிட்டு, எலும்பில்லாத கறியைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் மட்டும் 135 நல்ல எண்.

நாலாவது, இரண்டு கட்டமாகச் சமைப்பது. முதல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை 107-ல் வைத்து, புகை பிடித்த பிறகு 175 அல்லது 190-க்கு ஏற்றிவிடுவது. விறகு அடுப்பில் இதைச் செய்வது பெரும்பாடு. பெல்லட் கிரில்லில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். அதனால்தான் இந்தக் கருவிக்கே பொருத்தமான வழி இது என்று நினைக்கிறேன். சூடு ஏறப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் போதும். மூன்று கிலோவுக்கு மொத்தம் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

தலைகீழாக, முதலில் அதிக சூடு, பிறகு குறைந்த சூடு என்று செய்கிறவர்களும் உண்டு. அதில் எனக்கு லாபம் எதுவும் தெரியவில்லை. தோல் காய்ந்து சூடான பிறகு புகை ஒட்டாது. மொறுமொறுத்த தோலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி தளர்ந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? சூடாகப் பரிமாறுவதென்றால் இரண்டு கட்ட வழி. நேரம் குறைவாக இருந்தால் 163. ஆறவைத்துச் சீவுவதென்றால் தோலை எடுத்துவிட்டு 107. இந்த மூன்றில் ஒன்றைத் தவிர வேறெதற்கும் போக வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை.

எலும்போடு வாங்குவதா, எலும்பில்லாமலா?

எலும்பு கறிக்குச் சுவை கொடுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டு மணி நேரச் சமையலில் எலும்பின் சுவை கறிக்குள் ஊடுருவ வாய்ப்பு குறைவு. எலும்பின் உண்மையான பயன் வேறு. அது ஒரு பக்கத்தை முழுவதும் மூடி, சூட்டைத் தடுத்து நிறுத்துகிறது. கறி கிரில்லின் மேல் ஒரு கூடாரம் மாதிரி நிற்கும். தோல் முழுவதும் மேலே இழுத்துப் பிடித்தாற்போல இருக்கும், காற்று எல்லாப் பக்கமும் படும். தோல் வேண்டும் என்றால் எலும்போடுதான் வாங்க வேண்டும். சமைத்து முடித்த பிறகு அந்த எலும்பைப் போட்டுக் கொதிக்கவைத்தால் புகை மணத்தோடு ஒரு சூப் தண்ணீர் கிடைக்கும். அதற்காகவே நான் எலும்போடு வாங்கிய நாட்கள் உண்டு.

எலும்பில்லாத கறியின் பலம் அதன் ஒழுங்கு. ஒரு முனை தடியாகவும் மறுமுனை மெலிந்தும் இருந்தால், மெலிந்த முனையை உள்ளே மடித்து நூலால் கட்டிவிடலாம். உருளை வடிவில் வந்துவிடும், ஒரே நேரத்தில் வேகும், சீவும்போது ஒரே அளவில் துண்டுகள் விழும். வலைக்குள் அடைத்து உறைந்த நிலையில் விற்கப்படுவதை வாங்கும்போது மட்டும் கவனம். பல துண்டுகளைச் சேர்த்து அழுத்தியதாக இருக்கலாம். உப்புக் கரைசலும் ஏற்றியிருக்கலாம். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

உறைந்த கறி என்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுவதுதான் நல்லது. இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோவுக்கு ஒன்றரை நாள். அவசரம் என்றால் கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். நடுவில் உறைந்த கட்டி மிச்சமிருக்கும் கறியைக் குறைந்த சூட்டில் புகையில் வைக்கவே கூடாது.

உப்பு

நெஞ்சுக்கறிக்கு உப்பு சுவைக்காக மட்டும் இல்லை. உப்பு உள்ளே இறங்கிப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடும். அப்போது சூட்டில் அது சுருங்குவது குறைகிறது, நீர் உள்ளேயே தங்குகிறது. வெந்த பிறகு மேலே தூவும் உப்பு இந்த வேலையைச் செய்யாது. முதல் நாளே போட்டாக வேண்டும்.

உலர்ந்த உப்பைத் தடவி வைப்பது, உப்புநீரில் மூழ்கவைப்பது, ஊசியால் உள்ளே ஏற்றுவது என்று மூன்று வழிகள். உப்புநீர் என்றால் ஒரு லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் உப்பு, பன்னிரண்டு மணி நேரம். கறி சாறு நிறைந்து வரும். ஆனால் அந்தச் சாறில் ஒரு பகுதி வெறும் தண்ணீர்தான், கறியின் சொந்தச் சுவை நீர்த்துப்போகிறது. தோலும் ஊறி நனைந்துபோகும். பெரிய பாத்திரமும் ஃப்ரிட்ஜில் அதற்கு இடமும் வேண்டும். ஊசி வேகமானது. காலையில் ஏற்றி மதியமே சமைக்கலாம். ஆனால் ஊசி போன இடத்தில் உப்பு குட்டை கட்டி நிற்கும், பக்கத்தில் சப்பென்று இருக்கும். நிறைய இடங்களில் சின்னச் சின்ன அளவில் ஏற்றினால் ஓரளவு சமாளிக்கலாம்.

என் கை எப்போதும் போவது உலர்ந்த உப்புக்குத்தான். கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிராம், அதாவது தூள் உப்பு என்றால் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. எலும்போடு இருந்தால் பத்து போதும், எலும்புக்கு உப்பு தேவையில்லையே. தோலை மெதுவாக விரலால் தூக்கி, பாதி உப்பைத் தோலுக்கு அடியில் கறியின் மேலேயே தடவுங்கள். தோலின் வழியாக உப்பு எளிதில் இறங்காது. மீதியை எலும்பின் பக்கமும் தோலின் மேலும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். மூடாமல் வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஃப்ரிட்ஜின் வறண்ட காற்றில் தோல் காகிதம் போலக் காய்ந்துவிடும். மறுநாள் கிரில்லில் மொறுமொறுப்பதற்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. உப்போடு ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் சேர்த்துத் தோலின் மேல் தடவினால் நிறமும் மொறுமொறுப்பும் இன்னும் கூடும். அதிகம் போட்டால் சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், அதனால் சிட்டிகையோடு நிறுத்துங்கள்.

பொட்டலத்தில் உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது என்று இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அதற்கு மேலே முழு அளவு உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. தோலின் மேல் மட்டும் இலேசாகத் தூவி, காயவைப்பதை மட்டும் செய்யுங்கள்.

வெண்ணெயா எண்ணெயா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தோலுக்கு அடியில் வெண்ணெயை அடைத்தால் அது கறிக்குள் இறங்கும் என்பது வெறும் நம்பிக்கை. உருகித் தட்டில்தான் வடியும். வெண்ணெயில் தண்ணீரும் இருப்பதால் தோலின் ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மேலே ஒரு மெல்லிய பூச்சு எண்ணெய் போதும். வெண்ணெயின் சுவை வேண்டுமென்றால் அறுத்த பிறகு உருக்கி ஊற்றுங்கள், அங்கே அது முழுசாகத் தெரியும். சர்க்கரை கலந்த மசாலாவை 107-க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தில் 190-க்கு ஏற்றும்போது அது கருகிவிடும்.

எந்த மரம்?

இதற்கு நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. ஆப்பிள், செர்ரி, மேப்பிள் மூன்றும் வான்கோழிக்கு நன்றாகப் பொருந்தும். செர்ரி தோலுக்கு ஆழ்ந்த செம்மையைத் தரும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஹிக்கரி அழுத்தமானது, இரண்டு கட்ட வழியில் புகை நேரம் குறைவு என்பதால் அங்கே தைரியமாகப் போடலாம். மெஸ்கீட் நெஞ்சுக்கறிக்கு வேண்டாம். பெல்லட்டின் மரத்தைவிட அதன் உலர்ந்த தன்மைதான் முக்கியம். ஈரம் பட்டால் குச்சிகள் ஊதி மரத்தூளாகி, திருகுத் தண்டில் சிக்கிவிடும். ஒருமுறை எனக்குப் பாதிச் சமையலில் தீ அணைந்தே போனது. கறியை ஓவனுக்கு மாற்றித்தான் முடிக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பெட்டியில் மிச்சமான பெல்லட்டை எடுத்து, இறுக மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள். சமைப்பதற்கு முன்னால் தீக்கிண்ணத்தில் உள்ள சாம்பலை எடுப்பதும், கொழுப்புத் தட்டைத் துடைப்பதும் அதே அளவு அவசியம். 190-க்கு ஏற்றும்போது பழைய கொழுப்பு தீப்பிடிக்கக்கூடும்.

எப்போது எடுப்பது?

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றில் தவறினாலும் கறி சாப்பிடும்படிதான் இருக்கும். இதில் தவறினால் இருக்காது.

அமெரிக்க வேளாண்மைத் துறை கோழி, வான்கோழி எல்லாவற்றுக்கும் சொல்லும் எண் 74 டிகிரி செல்சியஸ், 165 ஃபாரன்ஹீட். அந்தச் சூட்டில் சால்மோனெல்லா கிருமி கிட்டத்தட்ட உடனே அழிந்துவிடும். அதனால்தான் யாருக்கும் குழப்பமில்லாமல் ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். ஆனால் கிருமி சாவது சூட்டை மட்டும் பொறுத்ததில்லை, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் பொறுத்தது. அதே துறை இறைச்சி ஆலைகளுக்குக் கொடுத்திருக்கும் அட்டவணையின்படி 66 டிகிரியில் சுமார் ஐந்து நிமிடம் நின்றாலும் அதே அளவு பாதுகாப்பு கிடைக்கிறது. நெஞ்சுக்கறியின் சாறைப் பொறுத்தவரை 68-க்கும் 74-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

வெளியே எடுத்த பிறகும் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். 163-லோ 190-லோ சமைத்த பெரிய துண்டு, எடுத்த பிறகு மூன்று முதல் ஐந்து டிகிரி வரை ஏறும். 107-ல் சமைத்தது ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான் ஏறும். ஆகவே ஒரே எண்ணில் எடுத்தாலும் இரண்டும் ஒரே சூட்டில் போய் நிற்காது. அதிக சூட்டில் முடித்தால் 70-ல் எடுக்கிறேன், ஓய்வு நேரத்தில் 73, 74-க்கு அதுவாகவே வந்துவிடும். குறைந்த சூட்டில் சமைத்ததையும் 70-ல்தான் எடுக்கிறேன், அது 71 அல்லது 72-ல் நின்றுவிடும். ஆனால் அதற்கு முன்பே 66-க்கு மேலே ஐந்து நிமிடத்தைத் தாண்டி வெகுநேரம் இருந்திருக்கும். வீட்டில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் யாராவது சாப்பிடப் போகிறார்கள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 74-ஐத் தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டே பரிமாறுங்கள். முதல் நாளே உப்புப் போட்டிருந்தால் 74-லும் கறி வறண்டுபோகாது.

கிரில்லோடு வரும், கறியின் சூட்டை அளக்கும் கம்பியை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை என் கிரில்லின் கம்பி 70 என்று காட்டிய இடத்தில், கையில் வைத்திருந்த தெர்மாமீட்டர் 64 என்றது. அன்று இரண்டாவதாகப் பார்க்காமல் விட்டிருந்தால் வேகாத கறியைப் பரிமாறியிருப்பேன். உடனே காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும். ஐஸ் நிறைந்த தண்ணீரில் முக்கினால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். கறியில் குத்தும்போது பக்கவாட்டிலிருந்து, மிகத் தடித்த இடத்தின் நடுவுக்குப் போகும்படி குத்துங்கள். எலும்பைத் தொட்டால் எண் தப்பாக வரும். இரண்டு பக்க நெஞ்சையும் தனித்தனியாகப் பாருங்கள். தீக்கிண்ணத்துக்கோ புகைபோக்கிக்கோ அருகில் இருக்கும் பக்கம் சில நேரம் முந்திக்கொள்ளும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் கறியின் நிறமியோடு சேர்ந்து விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு வளையத்தை உண்டாக்கும். முழுக்க வெந்த கறியிலும் அது இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து திரும்ப உள்ளே வைத்து உலர்த்திவிடாதீர்கள். எண் சரியாக இருந்தால் சிவப்பு வளையம் புகை நன்றாகப் பிடித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான்.

அறுப்பது

சூடாகப் பரிமாறுவதென்றால் இருபது நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஃபாயில் போட்டு மூட வேண்டாம். மூடினால் ஆவி உள்ளேயே சுற்றி, இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்த தோலை நனைத்துவிடும். பிறகு நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகக் கழற்றி எடுங்கள். எலும்பில் இருக்கும்போதே நீளவாட்டில் சீவினால் நார் நீளமாக வரும், தோலும் ஒரே ஆளின் தட்டுக்குப் போய்விடும். கழற்றிய துண்டைப் பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்காக விரல் தடிமனில் வெட்டினால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு கீற்றுத் தோல் நிற்கும்.

ஆறவைத்துச் சீவுவதென்றால் அவசரமே வேண்டாம். ஆவி அடங்கியதும், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். முழுத் துண்டாகவே சுற்றி வைத்து, ஒரு இரவு கழித்து, நீளமான கத்தியால் முடிந்த அளவு மெல்லிசாகச் சீவுங்கள். புகை மணம் அன்றைக்கு மேலே மட்டும் தூக்கலாக நிற்கும், மறுநாள்தான் அது தணிந்து கறியோடு சேர்ந்துவரும். மூன்று நாலு நாள்வரை நன்றாக இருக்கும். எனக்கு அந்த இரண்டாம் நாள் துண்டுதான் மிகவும் பிடிக்கும். அதைக் கண்டுகொண்ட பிறகு, ஆட்கள் வரும் நாளில் எலும்போடு ஒன்றை இரண்டு கட்டமாகச் சமைக்கிறேன், மற்ற நாட்களில் தோலில்லாமல் ஒரு பக்கத் துண்டை 107-ல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறேன்.